மீட்டரைப் படிப்பவர் திருடர் அல்லர்

ஸ்மார்ட் மீட்டர் பற்றிய பேச்சு எங்கே எழுந்தாலும் ஒரு கருத்து மட்டும் மறுப்பின்றி ஒலிக்கிறது. மீட்டர் மின்வாரியத்தின் சொத்து. அதற்குள் ஓடும் ஃபர்ம்வேர் என்ற உள்மென்பொருளும் அதிலிருந்து வெளிவரும் கணக்கும் வாரியத்துக்கும் தயாரிப்பாளருக்கும் மட்டும் உரியவை. வீட்டுக்காரர் பில்லைக் கட்டினால் போதும். தன் வீட்டு மீட்டரை நொடிக்கு நொடி படிக்க ஒரு சிறு கருவியைச் செய்து, அதில் தனக்கு வேண்டிய ஃபர்ம்வேரை ஏற்றிக்கொள்பவர் ஒன்று திருட வழி தேடுகிறார், இல்லாவிட்டால் வேலையற்றுப் போய் வம்பை விலைக்கு வாங்குகிறார். பொறியாளர்களில் பலர் இப்படித்தான் நினைக்கிறார்கள். அக்கம்பக்கத்தாரும் அதையே நம்புகிறார்கள்.

இந்தக் கருத்து தவறானது, தீங்கானதும்கூட. 2021இல் தொடங்கிய மத்திய அரசின் மின் விநியோகச் சீரமைப்புத் திட்டம் 25 கோடி ப்ரீபெய்டு ஸ்மார்ட் மீட்டர்களைப் பொருத்த இலக்கு வைத்தது. இத்தனை வீடுகளின் சுவரில் ஏறப்போகும் கருவியை அந்த வீட்டில் குடியிருப்பவர் படிக்கலாமா கூடாதா என்பதை இப்போதே முடிவு செய்தாக வேண்டும். பொருத்தி முடித்த பிறகு பேசிப் பயன் இருக்காது.

முதலில் ஒரு கோட்டைத் தெளிவாகப் போட்டுவிடலாம். வோல்டேஜையும் கரண்டையும் அளந்து, பெருக்கி, கூட்டி யூனிட்டாக்கும் அளவீட்டு ஃபர்ம்வேரை வீட்டுக்காரர் தொடக் கூடாது. அதில் இரண்டு பேச்சுக்கு இடமில்லை. பெரும்பாலான நாடுகளில் அந்தப் பகுதி சட்டப்படி முத்திரையிடப்பட்டது. ஐரோப்பாவின் சட்ட அளவியல் அமைப்புகள் கூடி வகுத்த வெல்மெக் 7.2 வழிகாட்டி, கருவிக்குள் இருக்கும் மென்பொருளைச் சட்டத்துக்கு உட்பட்ட பகுதி, மற்ற பகுதி என்று பிரித்து வைக்கச் சொல்கிறது. சட்டப் பகுதி எந்தப் பதிப்பு என்பதைச் சோதிப்பவர் கண்டுகொள்ள வழி வேண்டும், மற்ற பகுதி எப்படி நடந்தாலும் அளவீட்டைப் பாதிக்கக் கூடாது என்பது அதன் சாரம். சொந்த ஃபர்ம்வேர் எழுதும் ஆர்வலர்கள் வேலை செய்வது இந்தக் கோட்டுக்கு முழுக்க வெளியே. மீட்டர் வெளியே சொல்லும் கணக்கைக் கேட்டு எழுதிக்கொள்ளும் தனிச் சில்லில்தான் அவர்களுடைய ஃபர்ம்வேர் ஓடுகிறது. இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பி, பின்னதைச் செய்பவர் தலையில் முன்னதன் பழியைப் போடுவதில்தான் எதிர்த்தரப்பின் பாதி வாதம் நிற்கிறது.

கடைத் தராசுக்கும் முத்திரை உண்டு. எடைக்கல்லில் வாடிக்கையாளர் கைவைக்க முடியாது. ஆனால் தராசின் முகம் வாடிக்கையாளர் பக்கமும் தெரிய வேண்டும் என்பதில் யாருக்கும் சந்தேகம் வந்ததில்லை.

சரி, திருட்டுக் குற்றச்சாட்டுக்கு வருவோம். ஸ்மார்ட் மீட்டரின் கணக்கை மாற்றி எழுதிய மிகப் பெரிய மோசடியாகப் பேசப்படுவது போர்ட்டோ ரிக்கோவில் நடந்தது. வருமானம் எங்கோ ஒழுகுகிறது என்று கண்ட அந்தத் தீவின் மின் நிறுவனம் 2009இல் அமெரிக்கக் கூட்டாட்சிப் புலனாய்வுத் துறையின் உதவியைக் கேட்டது. துறை 2010இல் தயாரித்த உள்சுற்று அறிக்கை 2012இல் செய்தியாக வெளிவந்தது. ஆண்டுக்கு 40 கோடி டாலர் வரை இழப்பு இருக்கலாம் என்று அதில் மதிப்பிட்டிருந்தார்கள். யார் செய்தார்கள்? மீட்டர் தயாரித்த நிறுவனத்தின் முன்னாள் ஊழியர்களும் மின் நிறுவனத்தின் ஊழியர்களுமே காசு வாங்கிக்கொண்டு மீட்டர்களைத் திருத்தினார்கள், மற்றவர்களுக்கும் கற்றுக்கொடுத்தார்கள் என்று துறை நம்பியது. வீட்டு மீட்டருக்கு 300 முதல் 1,000 டாலர், வணிக மீட்டருக்கு 3,000 டாலர் என்று விலை பேசப்பட்டது. கருவி? மீட்டரின் முகப்பில் பராமரிப்புக்காக விடப்பட்டிருக்கும் ஒளி வாசலில் வைக்கும் ஒரு மாற்றி, ஒரு லேப்டாப், மீட்டரை அமைப்பதற்கான மென்பொருள். சீலை உடைக்கத் தேவையே இருக்கவில்லை.

இந்த வழக்கைத்தான் மூடிவைப்பதற்கு ஆதாரமாகப் பலர் காட்டுகிறார்கள். கவனித்துப் பார்த்தால் அது அவர்களுக்கே எதிரான சாட்சி. போர்ட்டோ ரிக்கோவில் மீட்டர் மூடியேதான் இருந்தது. வீட்டுக்காரரிடம் எந்தச் சாவியும் இல்லை. எழுதும் அதிகாரம் உள்ளே இருந்தவர்களிடம் இருந்தது, உள்ளே இருந்தவர்கள் விற்றார்கள். வீட்டுக்காரருக்குப் படிக்கும் உரிமையை மறுத்ததால் அங்கே ஒரு டாலர்கூட மிஞ்சவில்லை. மீட்டருக்கு மீட்டர் தனிச் சாவி, எழுதும் ஒவ்வொரு முறையும் அழியாத பதிவு, கையொப்பம் இல்லாத ஃபர்ம்வேரை ஏற்காத பூட்டு என்று இருந்திருந்தால் அந்த வியாபாரம் இவ்வளவு எளிதாக நடந்திருக்காது. இந்த மூன்றில் எதையும் வீட்டுக்காரர் கணக்கைப் படிப்பது கெடுப்பதில்லை.

ரகசியமே காப்பு என்ற நம்பிக்கை ஸ்பெயினிலும் பொய்த்தது. 2014இல் கார்சியா இல்லேரா, வாஸ்கெஸ் விதால் என்ற இரண்டு பாதுகாப்பு ஆய்வாளர்கள் அந்நாட்டில் லட்சக்கணக்கான வீடுகளில் பொருத்தப்பட்ட ஒரு வகை மீட்டரைப் பிரித்து ஆராய்ந்தார்கள். மறைகுறிச் சாவிகள் மீட்டரின் நினைவகத்திலேயே சரியான காவலின்றிக் கிடந்தன. அவற்றைக் கொண்டு ஒரு வீட்டு மீட்டரை இன்னொரு வீட்டு மீட்டராக நடிக்க வைக்கலாம், மின்சாரத்தையே நிறுத்தலாம் என்று காட்டினார்கள். அந்த மீட்டரின் உள்ளமைப்பு எங்கும் வெளியிடப்பட்டிருக்கவில்லை. வெளியிடாததால் ஓட்டை அடைபடவில்லை, யாருக்கும் தெரியாமல் இருந்தது, அவ்வளவுதான். ஒரு மறைகுறி முறையின் பாதுகாப்பு சாவியில் மட்டும் இருக்க வேண்டும், முறை எதிரி கையில் கிடைத்தாலும் சேதம் வரக் கூடாது என்று கெர்க்காஃப்ஸ் 1883இல் எழுதிவிட்டார். வங்கிப் பரிமாற்றம் முதல் கைபேசி வரை எல்லாம் அந்தக் கொள்கையில்தான் நடக்கின்றன. மின் மீட்டருக்கு மட்டும் விதிவிலக்கு கேட்பதற்கு என்ன காரணம் என்று யாரும் விளக்கியதில்லை.

திறந்து வைத்த நாடு எப்படி இருக்கிறது என்று பார்க்க நெதர்லாந்துக்குப் போக வேண்டும். அங்கே ஸ்மார்ட் மீட்டரைக் கட்டாயமாக்கும் மசோதா 2009இல் மேலவையில் நின்றுபோனது. மீட்டரை மறுப்பவருக்கு அபராதம், சிறை என்றெல்லாம் அதில் இருந்தது. வீட்டின் அந்தரங்கம் மீட்டர் வழியே வெளியே போகும் என்ற எதிர்ப்பு வலுத்து, வேண்டாம் என்று சொல்லும் உரிமையைச் சேர்த்த பிறகே திட்டம் நகர்ந்தது. அந்த நாட்டின் மீட்டர் விவரக்குறிப்பில் இன்னொரு நல்ல ஏற்பாடு உண்டு: மீட்டரில் பி1 என்ற வாசல். பழைய டெலிஃபோன் பிளக் போன்ற ஆறு முனைத் துளை அது. வீட்டுக்காரருக்கென்றே வைக்கப்பட்டது. யாரிடமும் அனுமதி கேட்காமல் அதில் ஒரு கம்பியைச் செருகலாம்.

அந்தத் துளையில் என்ன வருகிறது என்பதைக் கிட்டத்தில் பார்த்தால் பயம் பாதி தெளியும். இரண்டாவது முனையில் 5 வோல்ட் கொடுத்தால் மீட்டர் பேசத் தொடங்குகிறது. ஐந்தாவது முனையில் எழுத்துகள் வரிவரியாக வருகின்றன, நொடிக்கு 1,15,200 பிட் வேகத்தில். விவரக்குறிப்பின் ஐந்தாம் பதிப்பில் அமைந்த மீட்டர் என்றால் நொடிக்கு ஒரு முறை, நான்காம் பதிப்பு என்றால் பத்து நொடிக்கு ஒரு முறை. சாய்கோடு ஒன்றில் தொடங்கி, ஆச்சரியக்குறி ஒன்றில் முடியும் அந்தச் செய்தியில் 1-0:1.7.0 என்று ஆரம்பிக்கும் வரி இந்த நிமிடம் வீடு இழுக்கும் மின்சாரம், அடைப்புக்குள் 00.424 என்று இருந்தால் 424 வாட். 1-0:1.8.1 என்ற வரி ஒரு கட்டண நேரத்தில் இதுவரை ஓடிய யூனிட். ஆச்சரியக்குறிக்குப் பின்னால் நான்கு எழுத்துச் சரிபார்ப்பு எண், வழியில் ஒரு எழுத்து சிதைந்தாலும் காட்டிக்கொடுப்பதற்கு. வருவதெல்லாம் இந்த மாதிரி எண்கள்தான். மீட்டருக்குள் எதையும் அனுப்ப அந்த வாசலில் வழியே கிடையாது. கட்டளை ஏற்கும் கம்பி அதில் இல்லை.

ஆர்வலர்கள் செய்வது என்ன? சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் இ.எஸ்.பி.32 அல்லது இ.எஸ்.பி.8266 வைஃபை சில்லை எடுத்து, இ.எஸ்.பி.ஹோம் அல்லது டாஸ்மோட்டா என்ற திறமூல ஃபர்ம்வேரை ஏற்றுகிறார்கள். பெரும்பாலும் நிரல் எழுத வேண்டியதுகூட இல்லை. ஓர் அமைப்புக் கோப்பை நிரப்பினால் போதும். அதில் கவனிக்க வேண்டியவை உண்டு. பி1 வாசலின் சமிக்ஞை தலைகீழாக வரும். பெறும் முனையைத் தலைகீழ் என்று அறிவிக்காவிட்டால் குப்பை எழுத்துகளே வந்து விழும். செய்தி முழுவதும் கொள்ளும் அளவுக்குப் பெறும் நினைவிடத்தைப் பெரிதாக்காவிட்டால் நடுவில் வெட்டுப்படும், சரிபார்ப்பு எண் பொருந்தாது. நெதர்லாந்தில் 1.8.1 என்பது இரவுக் கட்டணம், 1.8.2 பகல் கட்டணம். பக்கத்தில் பெல்ஜியத்தின் ஃபிளாண்டர்ஸில் அதே எண்கள் இடம் மாறிவிடும்; டச்சுக்காரர் எழுதிய கோப்பை அப்படியே போட்டால் பகலும் இரவும் மாறிக் காட்டும். வீட்டுக்காரர் செய்யக்கூடிய அதிகபட்சத் தவறு இந்த மாதிரிதான். அவருடைய திரையில் எண் தவறாகத் தெரியும். பில் ஒரு காசும் மாறாது. அண்டை வீட்டு விளக்கு அணையாது.

தரவைப் பூட்டித்தான் ஆக வேண்டும் என்று நினைத்த நாடுகளும் வீட்டுக்காரரை வெளியே தள்ளவில்லை. லக்சம்பர்க்கின் மீட்டர் அதே பி1 வாசலில் மறைகுறியிட்டு அனுப்புகிறது; விண்ணப்பித்தால் வீட்டுக்காரருக்கு அவருடைய மீட்டரின் சாவியைக் கொடுக்கிறார்கள். ஆஸ்திரியாவிலும் அதே வழக்கம். ஃபிளாண்டர்ஸில் வாசல் முதலில் மூடியிருக்கும், வீட்டுக்காரர் கேட்டால் திறந்துவிடுவார்கள். ஜெர்மனியில் முகப்பின் அகச்சிவப்பு ஒளி வழியே படிக்கலாம், விரிவான விவரத்துக்கு நான்கு இலக்கப் பின் எண் உண்டு. நார்வே, ஸ்வீடன் இரண்டும் வாடிக்கையாளர் வாசலை மீட்டரின் கட்டாய அங்கமாகவே ஆக்கியிருக்கின்றன. கூரையில் சோலார் பலகை வைத்தவர், மின்கார் வைத்திருப்பவர், பேட்டரி வைத்திருப்பவர் எல்லோரும் இந்த வாசலை நம்பித்தான் எப்போது சார்ஜ் செய்வது, எப்போது நிறுத்துவது என்று முடிவு செய்கிறார்கள்.

அந்தரங்கம் என்ற கவலையை அக்கறையோடு கேட்க வேண்டும், அதில் உண்மை இருக்கிறது. வீடு இழுக்கும் மின்சாரத்தின் ஏற்ற இறக்கத்தைப் பார்த்தே எந்தச் சாதனம் எப்போது ஓடியது என்று சொல்லிவிட முடியும். ஜெர்மனியில் ஆய்வாளர்கள் 2011இல் இன்னும் ஒரு படி போனார்கள்: இரண்டு நொடிக்கு ஒருமுறை அளவு அனுப்பும் மீட்டரின் தரவை வைத்து, டிவியில் ஓடிய படம் எது என்றே கண்டுபிடிக்க முடியும் என்று காட்டினார்கள். அந்தத் தரவு மீட்டரிலிருந்து நிறுவனத்தின் கணினிக்கு மறைகுறியின்றிப் போய்க்கொண்டிருந்தது. அமெரிக்காவில் தெருவில் போகும் வண்டியிலிருந்தே ரீடிங் எடுப்பதற்காகப் பொருத்திய பழைய தலைமுறை ரேடியோ மீட்டர்களில் பல, வீட்டின் கணக்கை மறைகுறியின்றி ஒலிபரப்புகின்றன. மலிவான யு.எஸ்.பி. டிவி ரிசீவர் ஒன்றும் ஒரு திறமூல நிரலும் இருந்தால் பக்கத்துத் தெருக்காரர்கூட அதைப் படித்துவிடலாம். 2012இல் தென் கரோலினா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அக்கம்பக்க மீட்டர்களின் ஒலிபரப்பைப் படித்தே காட்டினார்கள்.

அந்தரங்கம் கசிந்த இந்த இரண்டு இடத்திலும் கசியவிட்டது நிறுவனங்கள் வகுத்த பாதை. சமையலறை அலமாரியில் உட்கார்ந்து வீட்டு வைஃபைக்குள் மட்டும் பேசும் ஒரு சில், ஊரில் எங்கோ இருக்கும் சர்வருக்கு அரைமணிக் கணக்கை அனுப்பும் மீட்டரைவிட அந்தரங்கத்துக்கு நூறு மடங்கு நட்பானது. அந்தரங்கத்தைக் காக்க விரும்புகிறவர், தரவு வீட்டுக்குள்ளேயே தங்கும் வழியைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

இன்னொரு வாதம் மிகவும் மரியாதையாக வரும். இவ்வளவு சிரமம் எதற்கு, வாரியத்தின் ஆப் இருக்கிறதே, அதில் எல்லாம் தெரியுமே?

ஆப்பில் தெரிவது மீட்டர் அல்ல. ப்ரீபெய்டு முறையில் இந்தியாவில் பாக்கித் தொகைக் கணக்கு மையக் கணினியில்தான் நடக்கிறது. மீட்டர் யூனிட்டை அனுப்புகிறது, மையம் ரூபாயைக் கழிக்கிறது, தொகை தீர்ந்தால் மீட்டருக்குள் இருக்கும் ரிலே என்ற சுவிட்சைத் திறக்கக் கட்டளை போகிறது. அந்தக் கட்டளை தவறினால் என்ன ஆகும் என்பதை உத்தரப் பிரதேசம் கண்டது. 2020 ஆகஸ்ட் 12, கிருஷ்ண ஜெயந்தி நாள். பாக்கி ஏதும் இல்லாதவர்கள் உட்பட ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஸ்மார்ட் மீட்டர் வீடுகளில் ஒரே நாளில் மின்சாரம் நின்றது. தவறான ஒரு கட்டளை மையத்திலிருந்து போனதுதான் காரணம். விசாரணை வைத்தார்கள், புதிய மீட்டர் பொருத்துவதை நிறுத்திவைத்தார்கள். லட்சம் வீடுகளை ஒரே நாளில் இருட்டாக்கும் வல்லமை எங்கே இருக்கிறது என்பதை அந்த நாள் காட்டிவிட்டது. ஒரு வீட்டின் ரீடிங்கை எழுதிக்கொள்ளும் சில்லைப் பார்த்து ஆபத்து என்று கூவுகிறவர்கள், இந்த ரிலேவைப் பற்றி ஏன் அதே குரலில் பேசுவதில்லை?

பிரிட்டனில் வேறு விதமான பாடம். அங்கே முதல் தலைமுறை ஸ்மார்ட் மீட்டர் வைத்தவர் மின் விற்பனை நிறுவனத்தை மாற்றினால், புதிய நிறுவனத்தால் அந்த மீட்டரோடு பேச முடியவில்லை. மீட்டர் ஊமையாகி, பழையபடி வீட்டுக்காரரே ரீடிங் எழுதி அனுப்ப வேண்டியதாயிற்று. பிறகு எல்லா மீட்டர்களையும் ஒரே தேசிய வலைக்குள் கொண்டுவர தொலைவிலிருந்தே ஃபர்ம்வேரைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது, அதற்கு வருடக்கணக்கில் ஆனது. ஆப்பை நம்பி இருந்தவர் கையில் அதுவரை எதுவும் இல்லை. மீட்டரிலேயே ஒரு வாசல் இருக்கும் இடத்தில் இந்தச் சிக்கல் வீட்டுக்காரரைத் தொடாது.

கணக்கு சரியா என்று சோதிப்பதற்கும் சொந்தக் கருவி வேண்டும். நெதர்லாந்தின் ட்வெண்டே பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஃபிராங்க் லெஃபெரிங்க் குழு ஒன்பது மின்னணு மீட்டர்களை வைத்துச் சோதித்த முடிவு 2017இல் வெளியானது. டிம்மர் வைத்த எல்.இ.டி., மின் சேமிப்பு விளக்குகள் போன்ற சாதனங்கள் கரண்டின் அலைவடிவத்தைக் கிழித்துக் கோணலாக்கும். அப்படிப்பட்ட சுமையில் ஐந்து மீட்டர்கள் உண்மையைவிட மிக அதிகமாகக் காட்டின. உச்சபட்சம் 582 சதவீதம் கூடுதல். இரண்டு மீட்டர்கள் குறைத்துக் காட்டின. மீட்டர்களைப் பிரித்துப் பார்த்தபோது காரணம் தெரிந்தது: அதிகமாகக் காட்டியவற்றில் கரண்டை உணர ரோகோவ்ஸ்கி சுருள் இருந்தது, குறைத்துக் காட்டியவற்றில் ஹால் உணரி. இவை எல்லாம் அப்போதைய தரநிலையில் தேறிய மீட்டர்கள். தரநிலைச் சோதனை சுத்தமான அலைவடிவத்தில் நடந்தது. வீடுகளில் சுத்தமான அலைவடிவம் இல்லை. சோதனைக் கூடத்தில் வைத்த சுமை அசாதாரணமானது என்று மின் நிறுவனங்கள் பதில் சொன்னதும் உண்மை. இருந்தாலும் பிரித்துப் பார்க்க யாருக்கும் உரிமை இல்லாதிருந்தால் இந்தக் கேள்வியே பிறந்திருக்காது.

இங்கே நேர்மையாக ஒன்று சொல்ல வேண்டும். பி1 வாசலில் படிக்கும் கருவி மீட்டரின் எண்ணைத்தான் திருப்பிச் சொல்லும். மீட்டர் தவறினால் அதுவும் தவறும். இந்த வகைப் பிழையைப் பிடிக்க மெயின் கம்பியைச் சுற்றிக் கவ்வும் தனி கரண்ட் உணரி வேண்டும். வேல்ஸில் பிறந்த ஓப்பன் எனர்ஜி மானிட்டர் போன்ற திறந்த வடிவமைப்புகள் அதற்குத்தான். அவை முத்திரையிட்ட மீட்டர் அளவுக்குத் துல்லியமானவை அல்ல. ஒரு சதவீத வித்தியாசத்தை வைத்து வழக்காட அவற்றால் முடியாது. பில் இரண்டு மடங்கு, ஐந்து மடங்கு எகிறும்போது எங்கோ தவறு என்று சொல்லத் தாராளமாக முடியும். வோக்ஸ்வாகன் டீசல் கார்களின் என்ஜின் மென்பொருள் சோதனைக் கூடத்தில் ஒரு முகமும் சாலையில் வேறு முகமும் காட்டியது 2015இல் உலகத்துக்கே தெரிந்தது. அதன் முதல் நூலைப் பிடித்தவர்கள் காரின் பின்னால் சொந்தக் கருவியைக் கட்டிச் சாலையில் ஓட்டி அளந்த மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகத்தினர். வெளியிலிருந்து தனியாக அளக்க ஒருவர் இருந்ததால்தான் உள்ளே நடந்தது வெளியே வந்தது.

தமிழ்நாட்டுக்கு வந்தால், சென்னை தி.நகரில் முன்னோட்டமாகப் பொருத்திய ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஸ்மார்ட் மீட்டர்கள் நீங்கலாக, பெரும்பாலான வீடுகளில் இன்னமும் சாதாரண மின்னணு மீட்டர்தான். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கீட்டாளர் வந்து ரீடிங் எடுத்து வெள்ளை அட்டையில் எழுதிவிட்டுப் போவார். அதற்கிடையில் வீட்டில் என்ன ஓடியது என்பது யாருக்கும் தெரியாது. இங்கே தெரியாமல் இருப்பதற்குத் தனி விலை உண்டு. இரண்டு மாத உபயோகம் 500 யூனிட்டைத் தாண்டினால் கூடுதல் யூனிட்டுகளுக்கு மட்டும் விலை ஏறுவதில்லை, 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளும் உயர்ந்த விலைக்குப் போய்விடும். 495இல் நிற்பதற்கும் 505க்குப் போவதற்கும் உள்ள வித்தியாசம் பத்து யூனிட்டின் காசு மட்டும் அல்ல. கடைசி வாரத்தில் எங்கே நிற்கிறோம் என்று தெரிந்தால் ஏ.சி.யை இரண்டு நாள் நிறுத்திவைக்கும் குடும்பங்கள் எத்தனையோ இருக்கின்றன.

அந்தக் குடும்பங்களுக்குத் தேவையான வாசல் பழைய மீட்டரிலேயே இருக்கிறது. மீட்டரின் முகப்பில் சிவப்பாக மின்னும் எல்.இ.டி.யைப் பார்த்திராதவர் இருக்க மாட்டார். பக்கத்திலேயே ஓர் எண் அச்சிட்டிருக்கும். பல மீட்டர்களில் 3200. அதாவது 3,200 தடவை மின்னினால் ஒரு யூனிட். ஆயிரம் வாட் இஸ்திரிப்பெட்டி மட்டும் ஓடினால் 1.125 நொடிக்கு ஒருமுறை மின்னும். ஒரு ஃபேனும் ஒரு டியூப் லைட்டுமாக 100 வாட் ஓடினால் 11.25 நொடிக்கு ஒருமுறை. அந்த ஒளியின் மேல் ஓர் ஒளியுணரியை வைத்து, சுற்று வெளிச்சம் புகாமல் கறுப்பு டேப் ஒட்டி, கம்பியை இ.எஸ்.பி. சில்லுக்குக் கொண்டுபோனால் வேலை முடிந்தது. அமைப்புக் கோப்பில் நிமிடத்துக்கு வரும் மின்னல்களை 18.75ஆல் பெருக்கச் சொன்னால் வாட் கணக்கு வந்துவிடும். 1600 என்று அச்சிட்ட மீட்டருக்கு அந்தப் பெருக்கெண் 37.5. எண்ணை மாற்றிப் போட்டால் திரையில் பாதியோ இரட்டிப்போ காட்டும், அட்டையில் எழுதிய ரீடிங்கோடு ஒருமுறை ஒப்பிட்டால் உடனே தெரிந்துவிடும். எந்த சீலையும் தொடவில்லை, எந்த மின்கம்பியையும் அவிழ்க்கவில்லை. வீட்டில் எல்லாவற்றையும் அணைத்த பிறகும் விளக்கு மின்னிக்கொண்டே இருந்தால், ஒழுக்கா அல்லது நம் இணைப்பிலிருந்து வேறு எங்காவது மின்சாரம் போகிறதா என்று எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் பார்க்கலாம்.

இதைத் திருட்டு என்று சொல்பவர்கள் 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 135ஆம் பிரிவைக் காட்டுவார்கள். மூன்று ஆண்டு வரை சிறை என்று மிரட்டும் அந்தப் பிரிவு பேசுவது மீட்டரைச் சிதைப்பதையும், சரியான பதிவைக் கெடுக்கும் வேலைகளையும், கள்ள இணைப்புகளையும்தான். மீட்டர் வெளியே காட்டும் ஒளியை எண்ணுவது அதில் எந்தச் சொல்லுக்குள்ளும் அடங்காது. அரசின் விதியே எதிர்த்திசையில் நகர்ந்திருக்கிறது. மின் நுகர்வோர் உரிமை விதிகளில் 2024இல் செய்த திருத்தப்படி, ரீடிங் உபயோகத்தோடு பொருந்தவில்லை என்று புகார் வந்தால் ஐந்து நாட்களுக்குள் கூடுதல் மீட்டர் ஒன்றைப் பொருத்தி, குறைந்தது மூன்று மாதம் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். பொருந்தவில்லை என்று வீட்டுக்காரர் எதை வைத்துச் சொல்வார்? கையில் நாள்வாரிக் கணக்கு இருந்தால்தான் அந்த விதி உயிர் பெறும். கணக்கு இல்லாதவரின் புகாரை, ‘வெயில் காலம், ஏ.சி. ஓடியிருக்கும்’ என்று ஒரே வாக்கியத்தில் முடித்து அனுப்பிவிடலாம்.

தொழில்நுட்பம் தடையாக இருக்கிறது என்றும் யாரும் சொல்ல முடியாது. இந்திய மீட்டர்கள் பேசும் மொழியை வகுத்த ஐ.எஸ். 15959 தரநிலை, மீட்டருக்குள் நுழைபவர்களை ஏற்கெனவே பிரித்து வைத்திருக்கிறது. பொதுவாக யாரும் கேட்கக்கூடியது ஒரு நிலை, கடவுச்சொல்லோடு ரீடிங்கைப் படிப்பது அடுத்த நிலை, அமைப்புகளை மாற்றும் வாரியத்தின் நிலை அதற்கும் மேலே, வலுவான பூட்டோடு. படிக்கும் நிலையின் கடவுச்சொல்லை மீட்டருக்கு மீட்டர் வேறாக வைத்து, அந்த வீட்டுக்காரரிடம் கொடுப்பதில் வாரியத்தின் பூட்டு எதுவும் தளர்வதில்லை. எல்லா மீட்டருக்கும் ஒரே கடவுச்சொல்லை வைத்துவிட்டு, அது வெளியே தெரிந்துவிடும் என்று அஞ்சி மறைப்பதுதான் உண்மையில் பாதுகாப்புக் குறைவு.

ஆர்வலர்கள் பக்கமும் கவனம் வேண்டும். மீட்டர் பெட்டிக்குள் 230 வோல்ட் ஓடுகிறது. கவ்வும் உணரியைப் பொருத்த எலக்ட்ரீஷியன் இல்லாமல் கை நீட்டக் கூடாது. வீட்டு வைஃபையில் கடவுச்சொல் போடாத சில்லை இணையத்துக்குத் திறந்துவிட்டால், வீடு எப்போது காலியாக இருக்கிறது என்பதை ஊருக்குச் சொன்னதாகிவிடும். மீட்டருக்குள்ளேயே ஃபர்ம்வேர் மாற்றித் தருகிறேன் என்று காசு கேட்டு வருபவர், போர்ட்டோ ரிக்கோவில் வந்தவர்களின் இனம். அவரை வாசலோடு அனுப்பிவிட வேண்டும்.

தமிழ்நாட்டில் ஸ்மார்ட் மீட்டருக்கான பெரிய டெண்டர் 2024 டிசம்பரில் ரத்தானது. மாநிலம் முழுக்க மீட்டர் மாறும்போது விவரக்குறிப்பில் நான்கு வரிகள் இடம்பெற்றாக வேண்டும்: வீட்டுக்காரருக்கு என்று படிக்க மட்டுமான ஒரு வாசல், மீட்டருக்கு மீட்டர் தனியான படிக்கும் சாவி, அந்தச் சாவி மீட்டர் பொருத்தும் அன்றே வீட்டுக்காரர் கையில், சட்டப் பகுதி ஃபர்ம்வேரின் பதிப்பு எண் மீட்டரின் திரையிலேயே. மின்சார ஒழுங்குமுறை ஆணையம் பொதுமக்கள் கருத்துக் கேட்கும் கூட்டங்களை நடத்துகிறது, எழுத்து மூலமான மனுக்களையும் பெற்றுக்கொள்கிறது. அடுத்த அறிவிப்பு வரும்போது வாசகர்கள் இந்த நான்கு வரிகளையும் எழுதிக் கொடுக்க வேண்டும்.